எட்டுப் போட்ட பூங்காவும் நேரே போன கரையும்

நிகழ்வு ஆய்வு என்று பெரிய வார்த்தை போட்டாலும், இது எங்கள் ஊர்ப் பூங்காவின் பின்சுவரில் நாலடி அகலத்துக்கு ஓர் இடைவெளி எப்படி வந்தது என்ற கதைதான். ஊரைச் சொன்னாலும் பேரைச் சொல்லாதே என்பார்கள். நான் ஊரையும் சொல்லப்போவதில்லை. தாமிரபரணிப் பாசனத்தில், திருநெல்வேலிக்கு மேற்கே, ஒரு பேரூராட்சி, அது போதும். நான் வேறு பேரூராட்சிகளில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். பணியில் இருந்தபோது மூன்று பூங்காக்களுக்கு என் கையாலேயே எஸ்டிமேட் போட்டிருக்கிறேன். ஆகவே கீழே வரும் குறைகளில் எனக்கும் பங்கு உண்டு.

குளம்

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேருவதற்குள் ஆற்றின் குறுக்கே 8 அணைக்கட்டுகள் இருக்கின்றன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரைக்கும். அவற்றிலிருந்து 11 கால்வாய்கள் பிரிகின்றன. அந்தக் கால்வாய்கள் 187 குளங்களை நிரப்புகின்றன. எங்கள் ஊர்க் குளம் அந்த 187-ல் ஒன்று. கார் பருவத்தில் பாதி நிறையும்; ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு பிசானப் பருவத்துக்குத் தளும்பி நிற்கும்; பங்குனி கடைசியில் நடுக்குளத்தில் பையன்கள் ஸ்டம்ப் நட்டுவிடுவார்கள்.

கரையின் நீளம் ஒன்றே கால் மைல் என்பது பெரியவர்கள் கணக்கு. கிழக்கு முனையில் பஸ் நிறுத்தம், மேற்கு முனையில் கலுங்கு, அதாவது உபரித் தண்ணீர் வழியும் கல்கட்டு. நடுவில் மூன்று மடைகள். இரண்டாவது மடைக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் சுடலைமாடன் பீடம். கரையின் வெளிப்பக்க அடியில் பனை வரிசை. குளத்துக்குள்ளே எப்போதோ சமூகக் காடு திட்டத்தில் நட்ட கருவேல மரங்கள். தண்ணீர் நிற்கும் மாதங்களில் அதன் உச்சி முழுக்க நீர்க்காகமும் கொக்கும் அரிவாள் மூக்கனும் உட்கார்ந்து மரத்தையே வெள்ளையடித்துவிடும்.

இந்தக் கரையில் ஊர் எப்போதும் நடந்துகொண்டுதான் இருந்தது. அதற்கு யாரும் நடைபாதை என்று பெயர் வைக்கவில்லை. விடியுமுன்னே மண்வெட்டியோடு மடை பார்க்கப் போகிறவர், பிறகு டாக்டர் சொல்லி அனுப்பிய சர்க்கரைக்காரர்கள், ஏழு மணிக்குப் பள்ளிக்கூடத்துக் குறுக்குவழியாக வரும் பிள்ளைகள், சாயங்காலம் மாட்டை ஓட்டிக்கொண்டு திரும்புகிறவர்கள். எல்லாம் போய் இருட்டின பிறகு பெண்கள். அவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், சொல்கிறேன்.

பூங்கா வந்த விதம்

மனைப்பிரிவு போடுகிறவர், சாலைக்கு விட்டது போக மிச்சப் பரப்பில் 10 விழுக்காட்டைப் பொது ஒதுக்கீடாக விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அலுவலகத்தில் ஓ.எஸ்.ஆர். இடம் என்போம். அது தெருவை ஒட்டி இருக்க வேண்டும் என்பதும் விதி. தெருவை ஒட்டி இருந்தால் போதும். அது மேடா பள்ளமா என்று யாரும் கேட்பதில்லை. எந்த மனை விலை போகாதோ அதுதான் பூங்காவாகும். நான் பார்த்த ஓ.எஸ்.ஆர். இடங்களில் பாதி, உயர் அழுத்த மின்கம்பிக்குக் கீழே இருந்தது அல்லது ஓடைக்குச் சாய்ந்திருந்தது.

எங்கள் ஊரில் குளத்துக் கரைக்குக் கீழே இருந்த நஞ்சை மனையானபோது, கரையடியை ஒட்டிய தாழ்ந்த மூலை பேரூராட்சிக்கு வந்தது. குளம் நிறைந்தால் அந்த மூலையில் மண் எப்போதும் ஈரமாக இருக்கும். நெல்லுக்கு அது நல்லது. சிமெண்டுக்கு நல்லதில்லை.

2021 அக்டோபரில் தொடங்கிய அம்ருத் 2.0 திட்டம் பெரிய நகரங்களோடு நிற்காமல் பேரூராட்சிகள் வரை இறங்கியது. குடிநீரோடு நீர்நிலைச் சீரமைப்பும் பூங்காவும் அதன் பட்டியலில் இருந்தன. அதற்குப் பிறகு எந்தப் பேரூராட்சியில் பேசினாலும் பேச்சு பூங்காவில் வந்து நிற்கும். எங்கள் ஊர்ப் பூங்கா எந்தத் தலைப்பு நிதியில் வந்தது என்பது இங்கே முக்கியமில்லை; எல்லாத் தலைப்பிலும் எஸ்டிமேட் ஒரே அச்சுதான். சுற்றுச்சுவர், கேட், முகப்பு வளைவு, பேவர் பிளாக் நடைபாதை, சிமெண்ட் பெஞ்ச், சறுக்கு, ஊஞ்சல், திறந்தவெளி ஜிம், ஒரு போர்வெல், கழிப்பறை, ஒரு ஹைமாஸ் விளக்கு. எழுதுகிறவனுக்கு இது கையோடு வந்துவிடும். எனக்கும் வந்தது. சுவருக்கும் வளைவுக்கும் போன பணத்தைக் கழித்துப் பார்த்தால் உள்ளே நடக்கிறவனுக்கு மிஞ்சியது கொஞ்சம்தான். மரத்துக்கு மிஞ்சியது அதைவிடக் கொஞ்சம்.

இப்போதெல்லாம் கட்டாயம் சேரும் ஒன்று, எட்டு வடிவ நடைபாதை. எட்டில் நடந்தால் சர்க்கரை இறங்கும், ரத்த அழுத்தம் இறங்கும் என்று ஒரு பேச்சு தமிழ்நாடு முழுக்கப் பரவி, எட்டு இல்லாத பூங்கா பூங்காவே இல்லை என்றாகிவிட்டது. எங்கள் ஊர் எட்டு, பக்கத்துக்கு ஆறு தப்படி வைத்தால் முடிந்துவிடும். திறந்த வாரத்தில் எல்லாரும் வந்து நடந்தார்கள். எதிரே வருகிறவருக்கு நடுவில் வழி விட வேண்டும். மூன்று பேர் நடந்தாலே சந்தி நெரிசல். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் பத்து சுற்று முடித்துவிட்டு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “ஓவர்சியரே, இதுல தப்பில்லாம எட்டுப் போட்டா லைசென்ஸ் குடுப்பாவளா?” மறுநாள் காலை அவர் கரைக்குத் திரும்பிவிட்டார்.

ஆறு மாதத்தில் பூங்காவில் யாரும் இல்லை. ஜிம்மில் இருந்த சைக்கிளில் யாரோ வேட்டி உலர்த்தியிருந்தார்கள். சறுக்கு மதியம் மூன்று மணிக்குத் தோசைக்கல்லாகக் காயும். நான்கரைக்குக் குழந்தைகள் வரும்போதும் சூடு இறங்கியிருக்காது. பேரூராட்சியில் பேசிக்கொண்டது, “மக்களுக்கு ஆர்வம் இல்லை” என்று. அதைக் கேட்டபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. அதே மக்கள் அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம், பத்தடி உயரத்தில், கரைமேல் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பூங்காவின் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து அண்ணாந்தால் அவர்கள் கால் தெரியும்.

யார், எப்போது, ஏன்

ஒரு வாரம் நோட்டுப் புத்தகத்தோடு இரண்டு இடத்திலும் உட்கார்ந்தேன். எண்ணிக்கை எழுதத்தான் போனேன். எழுதி வந்தது வேறு.

இந்தப் பக்கத்து ஊர்களில் பீடி சுற்றுவது பெண்களின் வேலை. வீட்டுத் திண்ணையிலோ உள்ளறையிலோ மடியில் தட்டை வைத்து, இலை வெட்டி, தூள் வைத்து, நூல் சுற்றி, காலையிலிருந்து உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி. கூலிக் கணக்கு ஆயிரம் பீடிக்கு. சாயங்காலம் கட்டிய பீடியைத் தட்டில் அடுக்கிக் கடையில் கொடுத்து, கழிவு போனது போக மிச்சத்தைக் கணக்கில் ஏற்றிக்கொண்டு, மறுநாளைக்கு இலையும் தூளும் வாங்கித் திரும்பும்போது ஏழு தாண்டிவிடும். இடுப்பு வலியும் சர்க்கரையும் இவர்களில் பலருக்கு உண்டு. நடக்கச் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவர்களுக்குத்தான் அதிகம் சொல்லி அனுப்புகிறார்கள்.

“அண்ணாச்சி, பகல் பூரா சம்மணம் போட்டு உக்காந்திருக்கோம். கடையில பீடியக் குடுத்துட்டு வரும்போதுதான் கால நீட்டி நடக்கோம். அந்நேரம் உங்க பூங்கா பூட்டிக் கெடக்கு” என்றார் ஒருவர். உங்க பூங்கா என்று அவர் சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டேன். பூங்கா ஆறரைக்குப் பூட்டப்பட்டது. சாவி, குடிதண்ணீர் வால்வு திறக்கிறவரிடம். அவருக்கு ஆறரைக்கு மேல் வேறு வேலை இருந்தது. காவலாளுக்கு எஸ்டிமேட்டில் தலைப்பு கிடையாது. முதல் செலவுக்குத்தான் நிதி வரும், பராமரிப்பு பேரூராட்சியின் சொந்தப் பாடு.

பெண்கள் கரையில் நடப்பது பாதி தூரம்தான். இருட்டின பிறகு சுடலை பீடத்தைத் தாண்ட மாட்டார்கள். அங்கே ஒரு கும்பிடு போட்டுத் திரும்பிவிடுவார்கள். பயமா என்று கேட்டேன். “சாமிக்கு என்ன பயம்? அதுக்கு அங்கிட்டு உக்காந்து பாட்டிலு ஒடைக்கவனுக்குத்தான் பயம்” என்று பதில் வந்தது. ஆக, விளக்கு வேண்டிய தூரம் முழுக் கரையும் இல்லை; பஸ் நிறுத்தத்திலிருந்து பீடம் வரை. எந்த எஸ்டிமேட்டிலும் நான் இப்படி ஒரு அளவைப் பார்த்ததில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. நடக்கிறவர்களுக்குப் போய்ச் சேர ஓர் இடம் வேண்டும். கரையில் கலுங்கு இருக்கிறது. அந்தக் கல்லைத் தொட்டுவிட்டு வந்தால் நடந்தேன் என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம். எட்டில் எதைத் தொடுவது? ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது கண்ணில் மண் விழும், வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும், அப்போதும் கரைதான். அதே சமயம் கரையில் குறைகளும் இல்லாமலில்லை. சீமைக்கருவேலம் இரு பக்கமும் முள்ளை நீட்டிக்கொண்டிருந்தது, நாய்கள் இருந்தன, குடிக்கத் தண்ணீர் கிடையாது, பெண்கள் ஒதுங்க இடம் கிடையாது. தண்ணீரும் கழிப்பறையும் சுவருக்கு இந்தப் பக்கம் பூட்டிய பூங்காவில் இருந்தன.

2023 நவம்பர் 4-ல் நடப்போம் நலம் பெறுவோம் என்று எல்லா மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் நடைபாதையைச் சுகாதாரத் துறை தொடங்கியது. மாதத்தின் முதல் ஞாயிறு நடை, கூடவே பரிசோதனை முகாம். நல்ல ஏற்பாடு; நானும் ஒரு தடவை போனேன். ஆனால் எங்கள் ஊர்க்காரருக்கு நடப்பதற்கு பஸ் ஏறிப் போவது என்பது வேடிக்கையாகத்தான் பட்டது.

கரைக்கு வந்த யோசனையும் என் மறுப்பும்

கரையில்தான் கூட்டம் என்று தெரிந்ததும் அடுத்த யோசனை வந்தது: கரைமேலேயே பேவர் பிளாக் போட்டுவிடலாம், இரு பக்கமும் பூமரம் வைக்கலாம். திருநெல்வேலி நகரில் நயினார்குளக் கரையில் நடைபாதை வந்ததைப் பார்த்த ஆசை அது.

இதில் நான் ஒத்துப்போகவில்லை. மண்கரை என்பது உயிருள்ள சாமான். வருஷா வருஷம் கொஞ்சம் அமுங்கும், சில வருஷத்துக்கு ஒருமுறை மண் ஏற்றி உயர்த்த வேண்டும். மேலே கல்லைப் பாவிவிட்டால் அந்த வேலைக்கு யாரும் கை வைக்க மாட்டார்கள். அதைவிட முக்கியம் நண்டு வளையும் எலி வளையும். வளை கண்ணில் பட்டால்தான் களிமண் வைத்து அடைப்பார்கள். கல்லுக்குக் கீழே இருந்தால் குளம் உடைந்த பிறகுதான் தெரியும். பூமரமும் அப்படியே. கரைமேல் மரம் வைத்து அது பட்டுப்போனால் வேர் மக்கி, வேர் போன பாதையில் தண்ணீர் கசியத் தொடங்கும். நம் முன்னோர் கரையின் வெளியடியில் பனையை வைத்தது காரணத்தோடுதான். அதன் சல்லிவேர் மண்ணைக் கோத்துப் பிடிக்கும். பாசன சங்கத்தாரும் இதைத்தான் சொன்னார்கள், என்னைவிடச் சத்தமாக.

எப்படியும் அந்த யோசனை கோப்பிலேயே நின்றது. கரை நீர்வளத் துறைக்குச் சொந்தம், பூங்கா பேரூராட்சிக்கு. பேரூராட்சி தன் பணத்தை அடுத்த துறை நிலத்தில் போட வேண்டுமானால் தடையின்மைச் சான்று வேண்டும். அந்த ஒரு வருஷத்தில் ஊரிலேயே அதிகம் நடந்தது அந்தக் கோப்புதான்.

நாங்கள் கேட்டது சின்ன விஷயம். பூங்காவின் பின்சுவரில் ஒரு வழி விடுங்கள். கரையிலிருந்து இறங்கினால் தண்ணீரும் கழிப்பறையும் கிடைக்கும், பிள்ளைகளை ஊஞ்சலில் விட்டுவிட்டு அம்மாக்கள் மேலே நடக்கலாம். மனு கொடுத்தோம். சுவரை இடித்தால் தணிக்கையில் கேள்வி வரும் என்றார்கள். அதில் உண்மை இருந்தது. கட்டினதை இடித்ததற்கு என்ன தலைப்பில் எழுதுவது? நானே அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

மழை

அந்த வருஷம் ஐப்பசியில், இரண்டாவது மடைக்குக் கீழே வெளிச்சரிவில் ஒரு முழம் அகலத்துக்கு ஈரம் இருப்பதை முதலில் பார்த்தவர் தினம் நடக்கும் சர்க்கரைக்காரர் ஒருவர். பாசன சங்கம் வந்து வளையைத் தோண்டி, களிமண் திணித்து, மணல் மூட்டை அடுக்கியது. நடக்கிற கூட்டத்தால் கரைக்கு என்ன லாபம் என்று யாராவது கேட்டால் நான் இந்த இடத்தைக் காட்டுவேன்.

2023 டிசம்பர் 17, 18. தென்மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தத் தேதியை நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஆறு கரை கொள்ளாமல் போனது, பல இடங்களில் குளங்கள் உடைந்தன. எங்கள் குளம் கலுங்கு கொள்ளாமல் மறுகால் பாய்ந்தது, கரை நின்றது. ஆனால் கீழே, நான்கு பக்கமும் சுவர் கட்டிய தாழ்ந்த மூலையில், மழைத் தண்ணீர் வெளியேற வழி இல்லாமல் முழங்காலுக்கு மேல் நின்று, முன் கேட் வழியே அடுத்த தெரு வீடுகளுக்குள் நுழையத் தொடங்கியது. பூங்கா தொட்டியாகிவிட்டது. இரவில் ஜே.சி.பி. வந்து பின்சுவரில் ஒரு தள்ளு தள்ளியது. தண்ணீர் வயல் ஓடைக்குப் பாய்ந்தது. எங்கள் மனு செய்யாததை அரை நிமிஷத்தில் இரும்புக் கை செய்தது. அளந்து பார்த்தேன், நாலடிக்கு இரண்டு அங்குலம் குறைவு.

அடுத்த மாதம் சுவரைத் திரும்பக் கட்ட அளவெடுக்க வந்தார்கள். அன்று நாங்கள் யாரும் கோஷம் போடவில்லை. பீடிக்காரப் பெண்கள் ஏழெட்டுப் பேர் தட்டோடு வந்து அந்த இடைவெளியில் சும்மா உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் டீ குடித்துவிட்டு, முதலில் முன்பக்கம் விழுந்த பகுதியைக் கட்டலாம் என்று போய்விட்டார்கள். பின்பக்கம் அப்படியே கிடக்கிறது.

பிறகு

அதன்பின் நடந்தவை சின்னச் சின்ன வேலைகள். சிதறிய செங்கல்லைப் படியாக அடுக்கிக் கரைக்கு ஏற வழி செய்தோம். பாசன சங்கம் சீமைக்கருவேலத்தை ஒதுக்கியது, வேரோடு இல்லை, மறுபடி தளிர்க்கிறது. கரை மேல் குழி விழுந்த இடத்தில் சரள் மட்டும் பரப்பப்பட்டது. விளக்குக்குப் புதுக் கம்பம் வேண்டியிருக்கவில்லை. கரையடித் தெருவில் ஏற்கெனவே இருந்த மின்கம்பங்களில் மூன்றில் விளக்கைப் பீடம் வரைக்கும் கரைப் பக்கமாகக் கொஞ்சம் திருப்பிவைத்தார்கள். குளத்துக்குள்ளே வெளிச்சம் விழாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னோம், கருவேலத்தில் அடையும் பறவைகளுக்காக. கூந்தன்குளத்துக்காரர்கள் பறவைக்காக வெடியே போடாமல் இருக்கும்போது நாம் ஒரு விளக்கைத் திருப்பக் கூடாதா என்று ஒருவர் கேட்டார். அதற்கு யாரும் பதில் பேசவில்லை.

ஒன்று சரியாக வரவில்லை. பைக்குகள் கரைமேல் ஏறாமலிருக்கக் கிழக்கு முனையில் மூன்று குத்துக்கல் நட்டோம். பைக் நின்றது. கூடவே, புல்லுக்கட்டை வைத்து டி.வி.எஸ். பிப்டியில் வரும் பெரியவரும் நின்றுவிட்டார். “எம் பாட்டன் காலத்துல இருந்து இது எனக்கு வயலுக்குப் போற பாதை. ஒங்களுக்கு ஒடம்பு எளைக்க நான் சொமக்கணுமா?” என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நடுக்கல்லைப் பிடுங்கினோம். அந்த வழியாகப் புல்லுக்கட்டும் வருகிறது, ராத்திரி ஒன்பதுக்கு மேல் பையன்கள் பைக்கும் வருகிறது. இதற்கு இன்றுவரை எங்களிடம் விடை இல்லை. நாய்க்கும் இல்லை.

பூங்காவில் இப்போது சாயங்காலம் ஆள் இருக்கிறது. எட்டுப் பாதையில் சின்னப் பிள்ளைகள் மூன்றுசக்கர சைக்கிள் ஓட்டுகிறார்கள். அதற்கு அது பொருத்தமாகத்தான் இருக்கிறது. கழிப்பறையைக் கழுவும் முறையைத் தூய்மைப் பணியாளர்களோடு பேசி ஏழு மணிக்கு ஒரு தடவை கூடுதலாக வைத்திருக்கிறார்கள். முன் கேட் வழக்கம்போல் ஆறரைக்குப் பூட்டப்படுகிறது. வால்வு திறக்கிறவர் தவறாமல் வந்து பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பின்பக்க இடைவெளி வழியாகக் கரை ஏறி வீட்டுக்குப் போகிறார்.

போன மாதம் வேறொரு வேலையாகப் பேரூராட்சிக்குப் போனபோது சொத்துப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். சுற்றுச்சுவர் நாலு பக்கமும் முழு நீளத்துக்கு இருக்கிறது. நல்ல நிலையில் உள்ளது என்று எழுதியிருந்தார்கள்.